உன் அறை மின்விசிறி போன இடம்

அன்பு மகளுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே எல்லாரும் சுகம், என் பொறுமை ஒன்றுதான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது, நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலம் தொடங்கியதிலிருந்து உன் அப்பாவைச் சமாளிக்க முடியவில்லை. கோயிலில் சாமியார், "காத்திருக்கிறதுன்னா கையைக் கட்டிக்கிட்டு உக்கார்றது இல்ல, வர்றவங்களுக்கு இடம் பண்ணி வைக்கிறது" என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். சொன்னவர் மறந்திருப்பார், இவர் பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா மகன் சுருட்டை ஜெயிலிலிருந்து வருகிறான் என்று தெரிந்த நாள் முதல் மாடிப்படியெல்லாம் அதே பேச்சு. அவன் திருடிய வீடுகளில் நம் வீடும் ஒன்று, அப்பாவின் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போனானே, எலக்ட்ரீஷியனுக்கு அது போனால் கை போன மாதிரி, எத்தனை நாள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷன்தான் இப்போது ஏணியோடு அங்கே போய், அவன் அறையில் கருகிக் கிடந்த ஒயரை மாற்றி, விளக்குப் போட்டு, நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்து உன் அறை மின்விசிறியையும் கழற்றிக்கொண்டுபோய் மாட்டிவிட்டார். கேட்டால், "அவ வர இன்னும் நாளிருக்குடி, அவன் இந்த வாரமே வர்றான்" என்கிறார். ஆத்திரத்தில் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், அதுவும் அவருக்கு ஓய்வாகப் போய்விட்டது.

நேற்று மத்தியானம் அவன் வந்தான். சொன்ன நாளுக்கு முன்னாலேயே விட்டுவிட்டார்களாம், தையல்காரம்மா தைத்த துணி கொடுக்கப் போயிருந்தாள், பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு பையோடு நின்றான். மேல்வீட்டில் கதவு சாத்தினார்கள், கீழ்வீட்டில் தாழ்ப்பாள் போட்டார்கள், எல்லாம் அவன் காதில் விழத்தான் விழுந்தது. உன் அப்பா இல்லாத வேலையெல்லாம் இழுத்து வைப்பார், சமயத்துக்கு ஆள் இருக்கமாட்டார். நானும் கதவைச் சாத்தத்தான் போனேன், பொய் சொல்லமாட்டேன். அவன் தலையைக் குனிந்தபடி, "நான் தெருவுல போய் நின்னுக்கிறேன் அத்தை" என்றான். எனக்கு என்ன வந்ததோ, "எங்கயும் போக வேணாம், கையக் கழுவிட்டு உள்ள வா, சோறு ஆறுது" என்று கத்திவிட்டேன். கோபமாகத்தான் சொன்னேன். சாப்பிடும்போது அவன் அழுதான், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, போதும் போதும் என்கிறவன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

இதைக் கேட்டு உன் அப்பா சிரித்த சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீயும் போனில் அவரை மெச்சித் தொலைக்காதே. ஈரத் தலையோடு வெளியே அலையாதே, ஜெபத்தை விடாதே, ஆண்டவர் உன் போக்கிலும் வரத்திலும் துணையிருக்கட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வை. பண்டிகைக்கு வரும்போது அவனை எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. நான் திருப்பிக்கொள்ள முயன்று பார்த்துவிட்டேன், முடியவில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றதற்கும் உன் அப்பாவைக் கட்டியதற்கும் சேர்த்துப் பொறுத்துக்கொண்டிருக்கும்
அம்மா