ரொட்டியும் உப்பும், ஒரு புட்டி மாத்திரையும்

சுரங்க முகாம்
ஏப்ரல் 4, 2017

அன்புள்ள டாரியா,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்குத் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறதாம். மறுபடி பார்த்தாலும் அப்படியே இருந்தால், கதிரியக்க மருந்து கொடுத்துச் சுரப்பியையே அடக்கிவிடலாம் என்கிறார் டாக்டர். ஜூனில்தான் ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கும். மருந்து குடித்த பிறகு சில நாள் யார் பக்கத்திலும் போகக் கூடாதாம். நம் லரிசாவின் கல்யாணமும் ஜூனில்தானே! நம் வழக்கப்படி மணமக்களை வரவேற்க, மண்டப வாசலில் உன் பக்கத்தில் என் இடத்தில் உன் அண்ணன் நின்று ரொட்டியையும் உப்பையும் நீட்டட்டும். பயமாக இருக்கிறது. மகளிடம் சொல்லாதே.

ஓரெஸ்ட்

யார்க்டன்
ஏப்ரல் 12

ஓரெஸ்டுக்கு,

படித்ததும் கை கால் ஓடவில்லை. பிறகு யோசித்தேன். என் சித்திக்கும் இதே வியாதிதான். உடம்பு வற்றி, கை நடுங்கி, பனியிலும் வியர்த்தாள். போன மாதம் உன்னைப் பார்த்துவிட்டு வந்த லரிசாவோ, "அப்பா நல்லா குண்டாயிட்டார்மா, போர்வைய விட்டு வெளியவே வரல" என்றாள். இரண்டும் பொருந்தவில்லையே.

நீ யாரிடமும் சொல்லாமல் ஏதோ மாத்திரையை விழுங்குகிறாய். உன்னை எனக்குத் தெரியாதா? அலமாரியில் இருக்கும் புட்டிகளை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய் நர்ஸ் மேஜையில் வை. அவர்கள் சொல்லாமல் நீயாக எந்த வைத்தியமும் செய்துகொள்ளாதே.

என் அண்ணன் காபிக் கோப்பையையே ஒழுங்காகப் பிடிக்க மாட்டான், ரொட்டியைப் பிடிக்கப் போகிறானா?

டாரியா

முகாம்
மே 3

அன்புள்ள டாரியா,

பிழைத்தேன்! நீ சொன்னபடியே புட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். முடி கொட்டத் தொடங்கியதும் பக்கத்துக் கட்டில் கோர்டன், "உடம்புல வைட்டமின் கம்மிடா, அதான்" என்று பயோட்டின் மாத்திரை வாங்கிக் கொடுத்தான். ஒன்று போடச் சொன்னதை நான் இரண்டாகப் போட்டேன்.

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். "டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"அவர் மருந்து சாப்பிடுறியான்னுதான் கேட்டாரு. இது வைட்டமின்தானே?"

"நல்லா இருக்கு நியாயம்! இது அளவு மீறினா சில ரத்தப் பரிசோதனையவே ஏமாத்திடும்யா."

டாக்டர் அதை நிறுத்தச் சொல்லி, ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார். தைராய்டு சரியாகவே இருக்கிறது! கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். உண்மையிலேயே குறைந்திருந்தது வைட்டமின் டி மட்டும்தான். அதற்கு அளவு எழுதிக் கொடுத்து, கோடை முடிவில் மறுபடி பார்க்கலாம் என்றார். முடி போவது அப்பா வழிச் சொத்தாம், மாத்திரைக்கு மசியாது.

ஏன் இந்த வேலை என்று கேட்பாய். வாசலில் உன் பக்கத்தில் நிற்க வேண்டுமே. அங்கே தொப்பி போட முடியாது.

ஓரெஸ்ட்

யார்க்டன்
மே 11

அன்புள்ள ஓரெஸ்ட்,

தபால் நிலையத்திலேயே நின்று படித்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் தபால்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நீ நன்றாக இருக்கிறாய், அது போதும் எனக்கு.

நான் உன்னை விட்டு வந்தது உன் தலையைப் பார்த்தா? எது கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்று வாயை மூடிக்கொண்டு இருந்தாயே, அதனால்தான். இந்தக் கடிதத்தில் எல்லாம் சொல்லிவிட்டாய். பத்து வருஷத்துக்கு முன்னால் சொல்லத் தொடங்கியிருக்கலாம்.

ரொட்டி பெரிதாகச் சுடப் போகிறேன், பிடிக்க இரண்டு பேர் வேண்டும். வழுக்கையோடு வா. கிளம்பும்போது போன் பண்ணு, எடுக்கிறேன்.

உன் டாரியா