கூண்டில் பட்ட மிச்ச மருந்து

ரிங்லெட்,
7.3.1978

அன்பு மகள் சரோஜாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், இங்கிலாந்துக் குளிரில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கும் நீயும் சுகமாக இருக்க வேண்டும். விவசாய இலாகா அதிகாரி பசுபதி புழுக்களைக் கவனிக்க நம் கோஸ் நிலத்தில் வைத்திருந்த இரண்டு வலைக்கூண்டுகளை நேற்று திறந்து பார்த்து ஒன்றை உறுதியாகச் சொன்னார். மருந்து படாத கூண்டில் சின்னப் பச்சைப் புழுவும் குருத்தைத் தின்னும் பெரிய புழுவும் சேர்ந்தே இருக்கின்றன, ஒன்றுக்கொன்று இடம் விடாததால் இரண்டும் அளவோடு நிற்கின்றன. மருந்து பட்ட கூண்டில் பெரியது பூண்டோடு போய்விட்டது, சின்னது மட்டும் இலையெல்லாம் மொய்க்கிறது.

இரண்டு கூண்டிலும் மருந்து படக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. உன் அண்ணன் முருகையா செய்த வேலை அது. தோட்டத்து ஸ்டோரில் வாங்கும் மருந்துப் பம்பைக் காலியாகத்தான் திருப்பித் தரவேண்டும், மிச்ச மருந்தைக் கீழே கொட்ட யாருக்கும் மனம் வராது, கடைசி வரிசையில் அடித்துத் தீர்ப்பார்கள், ஒரு கூண்டு அங்கேதான் இருந்தது. பசுபதி திட்டவில்லை. வாராவாரம் அடித்ததில் தப்பிய சில சின்னப் புழுக்களின் வாரிசுகளும் தப்புகின்றன, சில வாரத்துக்கு ஒரு தலைமுறை, நாலைந்து வருஷத்தில் அந்தக் கூட்டமே மாறிவிட்டது, அதற்குப் போட்டியாக இருந்த புழுவைக் கொன்று நிலத்தை நாமே சின்னதுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம் என்றார். அடிப்பதை நிறுத்தினால் மருந்தைத் தாங்கும் புழு பின்தங்கும் என்பது அவர் கணிப்பு, இன்னும் நிரூபணமாகவில்லை.

அண்ணன் கேட்டால்தானே. புழு என்னா இஸ்கூலுக்கா போவுது மாறுறதுக்கு, நீங்க கூண்டுல வளத்துக்கிட்டு இருங்கலா சார் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். பிரிஞ்சாங் டவுனில் மூன்று மருந்து வாங்கி ஒரே வாளியில் கலந்து வைத்திருக்கிறான். போன தடவை அடித்துவிட்டு வாந்தி எடுத்தான், கை நடுங்கியது. அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை, இந்த விளைச்சலும் போனால் நமக்கு விட்ட நிலத்தை எடுத்து அங்கே தேயிலை நடுவேன் என்று தோட்டத்துத் துரை சொல்லியிருக்கிறார். நான் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி அவனுக்குப் பம்பு கொடுப்பதை நிறுத்தி வைத்தேன், அதிலிருந்து அவனுக்கு என்னோடு பேச்சில்லை. பக்கத்து நிலத்து ராமையாவிடம் இரவல் பம்பு கேட்டானாம்.

நர்ஸ் தங்கை எழுதினால் கேட்பான். அந்த மருந்து உடம்பை என்ன செய்யும் என்று அவன் பேருக்கே எழுது, மறந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. முருகன் உன்னைக் காப்பான். பசுபதி புழுக்கள் மருந்தைத் தாங்குகின்றனவா என்று சோதனைக்கு அனுப்பியிருக்கிறார், முடிவு ஏப்ரல் நடுவில் வருமாம். துரை நிலம் பார்க்க வருவது மார்ச் முப்பத்தொன்று, அதற்குள் அண்ணன் அந்த வாளி மருந்தை அடித்துவிடப் பார்ப்பான். உன் கடிதமாவது அதற்கு முன்னே வரட்டும்.

ஆசிகளுடன்
அப்பா சின்னையா