கோட்டுக்குப் பின்னால் கால்

ஜூலை 14, திங்கள்

காலையில் தூறல். மைதானம் முழுக்கச் சேறு, பயிற்சி இல்லை. கணக்கு டெஸ்ட் சுமார்.

வெள்ளிக்கிழமை தோற்றதை எழுத இன்றுதான் மனசு வந்தது. மண்டலக் கூடைப்பந்துப் போட்டி, முதல் ஆட்டம். ஒரே பாயின்ட்டில் போச்சு. காரணம் நான். கடைசி நிமிஷத்தில் ஃப்ரீ த்ரோ. பந்து அழகாக உள்ளே விழுந்தது. ரெஃப்ரி செல்லாது என்றார். பந்து வளையத்தைத் தொடும் முன்பே நான் கோட்டைத் தாண்டிவிட்டேனாம்.

எங்கள் பி.டி. சார் கபடிக்காரர். சண்டைக்கே போனார். "பந்து கைய விட்ட பொறவு கால் எங்க போனா என்னங்க?" ரெஃப்ரி விதியைச் சொன்னார். சார் திரும்பி வந்து தண்ணீர் குடித்தார்.

லீக் போட்டி என்பதால் சனிக்கிழமை இன்னொரு ஆட்டம் உண்டு. ஜெயித்தால் மாவட்டப் போட்டி. தோற்றால் அவ்வளவுதான். அப்பா சொல்லிவிட்டார்: "பிளஸ் டூ வந்தாச்சு. இதுலயும் தோத்தா பந்த வச்சிட்டுப் படிக்கிற வேலையப் பாரு."

ஜூலை 15, செவ்வாய்

வெயில். வாங்க வேண்டியது: சாக்ஸ், கிராஃப் நோட்டு.

பயிற்சியில் எங்கள் டீம் சங்கீதா என் தப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். "எறிஞ்ச ஒடனே ஏன்டி ஓடற?"

"ஓடலன்னா பந்து வாய்க்கால்ல விழுந்துடுமே!"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எங்கள் வளையத்துக்குப் பின்னால் சரிவு, கீழே வாய்க்கால். எறிந்தவள்தான் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும், அதுதான் இங்கே வழக்கம். ஆறாவதிலிருந்து ஓடிப் பழகிய கால். சனியன் பிடித்த கால்! சிரித்துச் சிரித்து வயிறு வலி.

ஜூலை 17, வியாழன்

நேற்று அப்பாவிடம் காலி தக்காளிப் பெட்டி கேட்டேன். வளையத்துக்குப் பின்னால் தடுப்பாக அடுக்கலாமே. "பெட்டி என்ன வெளையாட்டுச் சாமானா?" செம திட்டு. அழுகையாக வந்தது.

இன்று சாயங்காலம் பாலக்கோடு மண்டியிலிருந்து திரும்பும்போது வண்டியைப் பள்ளிக்கூடத்திலேயே நிறுத்திப் பெட்டிகளை இறக்கினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பந்து இப்போது கீழே போகவில்லை. ஆனால் கால் போகிறது! "நில்லுடி எரும!" என்று சங்கீதா கத்திக்கொண்டே இருந்தாள். இருட்டும் நேரத்தில்தான் கால் நின்றது.

ஜூலை 19, சனி

இன்றைய ஆட்டம்.

கடைசி நொடிகள், ஒரு பாயின்ட் பின்னால். எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது விழுந்தது. சமம். இரண்டாவது வளையத்தில் பட்டு வெளியே. உடனே விசில். மறுபடியும் நானா? குனிந்து பார்த்தேன். கால் கோட்டுக்குப் பின்னால்தான்.

தப்பு எதிரணி உயரக்காரியுடையது. பக்கத்தில் வரிசையாக நிற்பவர்களும் பந்து என் கையை விடும்வரை உள்ளே வரக்கூடாது. அவள் அவசரப்பட்டுவிட்டாள். எனக்கு இன்னொரு வாய்ப்பு. பாவம், அவள் முகம் சுண்டிப்போனது. எனக்குத் தெரியும் அந்த வலி.

எறிந்தேன். விழுந்தது. ஒரு பாயின்ட்டில் ஜெயித்தோம்! சார் வேட்டியை மடித்துக் கட்டாத குறையாக ஆடினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "என்னாச்சு?"

"ஜெயிச்சிட்டோம்பா. மாவட்டத்துக்குப் போறோம்."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். பிறகு, "திங்கக்கெழம மண்டிக்கு வேற பெட்டி பாத்துக்கறேன். அது பள்ளிக்கூடத்துலயே கெடக்கட்டும்."