துறைமுகப் படச்சுருள்

மயிலாப்பூர்
10 அக்டோபர் 1939

அன்பு மச்சானுக்கு உங்கள் நஸ்ருன்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மாமிக்குக் காய்ச்சல் விட்டதா? தபாலை வழியில் பிரித்துப் பார்க்கிறார்களாம். அதனால் நாகப்பட்டினம் வரும் ஹனீஃபா காக்கா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

சனிக்கிழமை உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போலீஸ் வந்தது. நீங்கள் குழந்தையைப் போலத் துடைத்துத் துடைத்து வைத்த அந்தப் படம் காட்டும் மெஷின் ஜெர்மனியில் செய்ததாம். யுத்தம் வந்ததும் அதுவும் எதிரியாகிவிட்டது! மெஷினையும் படச்சுருள்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கொசுப் படம், பட்டுப்பூச்சிப் படம் எல்லாம் இருந்தன. நீங்களே எடுத்த இந்த ஊர்த் துறைமுகப் படம் மட்டும் இல்லை.

லண்டன் துறைமுகத்தையே எத்தனை நாள் காட்டுவது என்று கோடை விடுமுறையில் வெயிலில் அலைந்து எடுத்தீர்களே, அதுதான். அத்தோடு விட்டீர்களா? பூகோள வாத்தியார் புத்தி! படத்தின் தொடக்கத்தில் வரைபடம் போட்டு, வடக்கு எது, எங்கே எவ்வளவு ஆழம், கப்பல் எந்த வழியாக நுழையும் என்று அம்புக்குறி வேறு. ஹெட்மாஸ்டர் அனந்தராமன் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். பசங்களுக்கு இது பாடம்மா, போலீஸ்காராளுக்கு வேற மாதிரின்னா தெரியும் என்றார். போன யுத்தத்தில் ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து குண்டு போட்ட ஊர் இது. இப்போது யாரைப் பார்த்தாலும் உளவாளி என்கிறார்கள்.

நேற்று மத்தியானம் கான்ஸ்டபிள் முருகையன் வந்தார். இன்னாம்மா, கரீமுல்லா வாத்தியார் கீறாரா, அந்தப் படம் எங்க கீது என்று தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார். ஆண் துணை இல்லாத வீடு. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அவர் போனால் போதும் என்றிருந்தது. நீங்கள் ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சொல்லிவிட்டேன். எந்த ஊர் என்றார். நாகப்பட்டினம் என்றேன். அவர் போன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. படம் இங்கேதான், பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட நீங்கள் கொண்டுவந்து அலமாரியில் வைத்தபடியே இருக்கிறது. நானோ, நீங்கள் நம் துறைமுகத்தின் வரைபடத்தோடு இன்னொரு துறைமுகத்துக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். பினாங்குக்குக் கப்பலேறப் போகும் உங்கள் தம்பியும் அங்கே உங்களோடு இருக்கிறார். உங்களை ஜெயிலுக்கு அனுப்ப வேறு யாரும் வேண்டாம், நானே போதும்.

அடுப்பில் போட்டுவிடலாமா என்று அதைக் கையில் எடுத்தேன். எரித்துவிட்டால், நீங்கள் அதை யாரிடமோ கொடுத்துவிட்டீர்கள் என்றே ஆகிவிடுமே! மறுபடி உள்ளே வைத்தேன். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது மச்சான்.

நாளைக் காலை ஹெட்மாஸ்டரோடு நானே ஸ்டேஷனுக்குப் போகிறேன். படத்தைக் கொடுத்து, பொய் சொன்னது நான், என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லப் போகிறேன். நம் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் அந்தப் படி ஏறியதில்லை. நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள், தெரியும். என்னை அங்கேயே உட்கார வைத்துவிட்டால் பக்கத்து வீட்டு சகினா அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தம்பியை வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகாதீர்கள். வீட்டு வாசலிலேயே கட்டித் தழுவி, துஆ செய்து அனுப்பிவிடுங்கள். கடலைப் பார்க்கக்கூட நிற்காதீர்கள். மாமி ஏசினால் பழியை என்மேல் போடுங்கள். நோன்பு பிறக்குமுன் ரயிலேறி, எல்லோரும் பார்க்கும்படி பட்டப்பகலில் வீடு வந்து சேருங்கள்.

நான் வீட்டில் இல்லாவிட்டால் பதற வேண்டாம், முதலில் பிள்ளைகளுக்குச் சோறு கொடுங்கள். அல்லாஹ் உங்களை என் வாயிலிருந்து காப்பாற்றட்டும்.

உங்கள்
நஸ்ருன்னிசா