நூல் கடிக்கும் பல்

ஜூலை 3, வெள்ளி

காலையிலிருந்து மூடாக்கு. மலைப் பக்கம் மழை இறங்குகிறது, சந்தவாசலில் ஒரு சொட்டு இல்லை. கணினி பாதிக் கணக்கில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

செய்ய வேண்டியவை: கேஸ் புக் பண்ண. வண்டிக்கு ஆயில். நீலச் சட்டைக்குப் பட்டன். பிஎச்.டி. கைடுக்குப் படங்கள்.

படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. தாடை எலும்பில் இறக்கிய டைட்டானியம் திருகு, கடிக்கும்போது அதைச் சுற்றி எலும்பில் எங்கே அழுத்தம் ஏறுகிறது என்று நிறம் நிறமாக. வெறும் திருகென்றால் கழுத்தருகே சிவப்பு. எலும்பில் இருக்கிற கால்சியச் சத்தையே மேலே பூசினால் சிவப்பு தணிந்து மஞ்சள். தலைமுடியை விட மெல்லிய பூச்சு. அதோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன் என்று சுமதி சொல்லிக்காட்டுகிறாள். அவள் பல் டாக்டர். கீழே கிளினிக், மேலே வீடு. நான் மெக்கானிக்கல் வாத்தியார். பிஎச்.டி. முடிக்காத வாத்தியார்.

அக்காவுக்கும் பூச்சு போட்ட திருகுதான் என்று அடம்பிடித்தது நான். ஸ்கூட்டியிலிருந்து விழுந்து மேல் முன்பல் போய்விட்டது. எலும்பு மெல்லிசு என்று சு. தயங்கினாள். படத்தைக் காட்டி அவள் வாயை அடைத்தேன். போன மாதம் திருகு இறக்கி, மேலே ஒரு தற்காலிகப் பல். ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறது.

ஜூலை 5, ஞாயிறு

அக்கா படவேட்டிலிருந்து பஸ்ஸில் வந்தாள். கையில் கொய்யா. "உங்களுக்குத்தான். நான் எங்க கடிக்க?" என்றாள். முறுக்கு, கரும்பு, கறி எலும்பு எல்லாவற்றுக்கும் சு. தடை போட்டிருக்கிறாள். ஒரு மாதமாகக் கூழும் இட்லியும். மெலிந்துதான் இருக்கிறாள்.

சு. வாயைப் பார்த்தாள். விளக்கை இன்னும் கிட்டே இழுத்தாள்.

தற்காலிகப் பல்லின் முனையில் சின்னதாக ஒரு வெட்டு. அதைக் கழற்றித் திருகை லேசாக முடுக்கிப் பார்த்தபோது அக்கா முகம் சுளித்தாள். திருகு ஒரு துளி சுற்றியது.

"அண்ணி, எதைக் கடிக்கிறீங்க?"

"ஒண்ணும் கடிக்கல. சாமி சத்தியமா."

"இந்த வெட்டு சோத்துல விழாதுங்க."

"பின்ன எதுல வுழும்? நீதான டாக்டரு."

மாடிக்கு வந்து சு. என்னிடம் மட்டும் சொன்னாள்: ஆட்டாமல் விட்டால் ஒட்டலாம். ஒட்டாமலும் போகலாம். போனால் திருகை எடுத்து, வேறு இடத்து எலும்பை வைத்துத் தைத்து, ஆறேழு மாதம் கழித்து முதலிலிருந்து. அக்கா இதற்கே இரண்டு நாள் அழுதவள். கொய்யா அப்படியே கிடக்கிறது.

ஜூலை 6, திங்கள்

கல்லூரி விட்டதும் படவேடு. கரும்பு லாரி வழி மறித்து, அக்காவின் தையல் கடைக்குப் போகும்போது ஐந்தரை. ஆடி வருவதால் கடையில் மஞ்சள், சிவப்பு ஜாக்கெட்டாகத் தொங்குகிறது.

ஒரு பெண் அவசரம் என்று நிற்கிறாள். அக்கா கொக்கி தைக்கிறாள். முடித்தாள். முடிச்சுப் போட்டாள். தாடையை ஒரு கோழியைப் போல முன்னால் தள்ளினாள், நூலைப் பல்லில் கொடுத்தாள், சுண்டினாள். அடுத்த கொக்கி.

அந்த இடத்தில் மேல்பல்லே இல்லை, நேற்று கழற்றியதைச் சு. திரும்ப மாட்டவில்லை, திருகின் மூடி மட்டும். நூல் பக்கத்துப் பல்லுக்கு மாறிவிட்டது.

"அக்கா, இப்ப இன்னா பண்ண?"

"கொக்கி வச்சேன்."

"நூல எதால அறுத்த?"

கையைப் பார்த்தாள். கத்திரி மிஷினுக்கு அந்தப் பக்கம் இருந்தது. "கடிக்கக் கூடாதுன்னுதான சொன்னா சுமதி? நூல நான் தின்னலையே" என்றாள்.

சிரிப்பு வந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கும் சிரிப்பு போய்விட்டது.

கீழ்ப்பல் படக் கூடாது என்றுதான் அந்தத் தற்காலிகப் பல்லை சு. குட்டையாக அரைத்து வைத்தாள். அதை எட்டத் தாடையைத் தள்ளவும் இவள் பழகியிருக்கிறாள், தனக்கே தெரியாமல். நான் சட்டை போட ஆரம்பித்த நாளிலிருந்து அக்கா நூல் கடிப்பதைப் பார்க்கிறேன். நாலு வருடக் கணக்கில் இட்லிக்கும் முறுக்குக்கும் விசை போட்டேன். இதைப் போடத் தோன்றவில்லை.

ஜூலை 9, வியாழன்

நூல் கணக்கு முடிந்தது. திருகை முன்னாலும் பக்கவாட்டிலும் சுண்டி இழுக்கும் விசை. உதட்டுப் பக்கம், திருகின் கழுத்தருகே எலும்பில் நல்ல சிவப்பு. பூச்சு போட்டதிலும் சிவப்பு, போடாததிலும் சிவப்பு. இரண்டு படத்தையும் மாற்றி வைத்தால் எனக்கே அடையாளம் தெரியாது.

நேராக அழுத்தினால் பூச்சு உதவுகிறது. எலும்பு சீக்கிரம் வந்து பிடிக்கவும் உதவும். பிடிக்கும் முன் ஒரு நாளில் நூறு தடவை சுண்டினால் அது என்ன செய்யும், பாவம்.

கைடு போனில்: "அருமைங்க. இத தனி சாப்டரா போட்டுடுங்க." சரி சார் என்றேன். வைத்த பிறகு கோபம். எனக்கு இருப்பது ஒரே அக்கா.

வண்டிக்கு ஆயில் மாற்றியாகிவிட்டது.

ஜூலை 24, ஆடி வெள்ளி

கோயில் கூட்டம். படவேட்டுக்குள் வண்டி நுழையவில்லை, நடந்து போனேன்.

சு. கொடுத்த கழற்றி மாட்டும் பல்லை அக்கா இரண்டு நாள் போட்டாளாம். குமட்டுகிறதாம். இப்போது அது பட்டன் டப்பாவில். கொரோனா காலத்து மாஸ்க் ஒன்று போட்டுக்கொண்டு அளவு எடுக்கிறாள். "ஜுரமாக்கா?" என்று கேட்பவர்களிடம் தூசி என்கிறாள்.

கத்திரியை ஒரு நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

"மாட்டுக்கு மணி கட்டறா மாதிரி கட்டிட்ட."

"கழட்டக் கூடாது."

"வேல பாதியா கொறையுதுடா. வாயி தானா போவுது, நான் இன்னா பண்ண?"

மாஸ்க்கினால் ஒரு நன்மை: நூல் வாய்க்குப் போனால் துணியில் முட்டி நிற்கிறது. இதைச் சு.விடம் சொன்னேன். "உங்க பூச்சுக்கு இந்தத் துணிப் பூச்சே மேல்" என்றாள். தேவைதான்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

மழை. கரண்ட் இல்லை. அக்கா போனில் அரை மணி. பல்லைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வைக்கும் முன், "ஒட்டலன்னா இன்னொரு வாட்டி என்னால ஆவாதுடா. இப்பவே சொல்லிட்டேன். ஓட்டையோட இருந்துட்றேன்" என்றாள். ஒட்டும் என்றேன். எந்தக் கணக்கை வைத்துச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 4, ஞாயிறு

வெயில். அக்கா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். கழுத்தில் கத்திரி. பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்களாம்.

நான் உள்ளே வரக் கூடாது என்று சு. உத்தரவு. கதவு திறந்துதான் இருந்தது. கழுத்துக் கத்திரியைக் கழற்றிவைத்துவிட்டு எக்ஸ்ரே. பிறகு கண்ணாடிக் காம்பால் தட்டும் சத்தம், டிங் டிங். பிறகு முடுக்கும் கருவி. அது கிளிக் என்று நின்றது.

"வலிக்குதா அண்ணி?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லம்மா. இன்னா, சுத்துதா?"

"சுத்தலிங்க. கெட்டியா நிக்குது."

எட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடியே அழுகிறாள். சு. ஒரு கையால் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விளக்கை அணைத்தாள். நான் மாடிக்குப் போய்ச் சும்மா முகம் கழுவினேன்.

நிரந்தரப் பல்லுக்கு அளவு எடுத்தாகிவிட்டது. மதியம் இங்கேதான் சாப்பாடு. சாப்பிட்ட கையோடு அக்கா என் துணிகளை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மாலை பஸ்ஸுக்கு விட்டுவந்தேன்.

அக்டோபர் 5, திங்கள்

எட்டுக்குக் கல்லூரி பஸ். கேஸ் இன்னும் வரவில்லை.

நீலச் சட்டையில் பட்டன். ஜூலையில் எழுதி வைத்த வேலை, அக்கா நேற்று தைத்துவிட்டாள். பட்டனுக்குக் கீழே ஒரு ஜாண் நூல் தொங்குகிறது. "கழட்டின கத்திரிய அண்ணி எங்கியோ வச்சிட்டாங்க. அப்படியே வுட்டுட்டேன், தம்பிய வெட்டிக்கச் சொல்லுன்னாங்க," என்றாள் சு. அடுப்படியிலிருந்து.

கீழே பஸ் ஹாரன். நூலைப் பல்லில் கொடுத்துச் சுண்டினேன்.