ஜெசிந்தாவின் கோப்பு

நாள் 94. காலை 08:10

செவ்வாய், வடக்குப் பள்ளத்தாக்கு நிலையம். எழுதுவது மருத்துவர் தில்லைநாயகம். ஆட்கள் பதினான்கு பேர். காற்று, தண்ணீர், வெப்பம் சரி.

இரண்டாம் கப்பலில் வந்தவர்கள் சளியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மூக்கொழுகல், தும்மல், தொண்டை அரிப்பு, காய்ச்சல் இல்லை. ரைனோ வைரஸ், பிகோர்னா குடும்பம். ஆறு பேருக்கு வந்தது. ஒருவர்கூட என்னிடம் வரவில்லை. அதே கப்பலில் வந்த மருத்துவர் ஜெசிந்தாவிடம் போனார்கள். அவளுக்கு வயது முப்பத்திரண்டு, தூத்துக்குடிக்காரி. எனக்கு அனுபவமே இருபத்தாறு வருடம். இதைக் கண்டெடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

புறப்படும் முன் எடுத்த ரத்தப் பரிசோதனைகளின் முடிவுகள் பூமியிலிருந்து இன்றுதான் வந்தன. இங்கே ஒரு விதி உண்டு. மருத்துவர் தன் கோப்பைத் தானே பார்க்கக் கூடாது. மற்ற மருத்துவர் அதை வைத்திருந்து, ஆபத்து ஏதும் இருந்தால் சொல்ல வேண்டும். தனக்குத் தானே வைத்தியம் பார்த்து யாரும் கெட்டுப்போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஜெசிந்தாவின் கோப்பு என்னிடம் இருக்கிறது. அவளுக்குச் சின்னம்மை வந்ததே இல்லை. தடுப்பூசி போட்டும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகவில்லை. பதினான்கு பேரில் அவள் ஒருத்திக்குத்தான் இப்படி. மாலையில் சொல்ல வேண்டும்.

நாள் 94. மாலை 19:30

சொல்லவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் அவள் ஒரு விளையாட்டு நடத்துகிறாள். அவள் அறிகுறியைச் சொல்வாள், மற்றவர்கள் வைரஸ் குடும்பத்தைச் சொல்ல வேண்டும். திடீர்க் காய்ச்சல், அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி என்றால் இன்ஃப்ளூயன்சா, ஆர்த்தோமிக்சோ குடும்பம். கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டெல்லாம் முறிகிற மாதிரி காய்ச்சல் என்றால் டெங்கு, ஃபிளேவி. வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வந்து இரண்டே நாளில் போனால் நோரோ, கலிசி. கன்னத்தின் உட்புறம் உப்புத்தூள் போல வெள்ளைப் புள்ளி, பிறகு முகத்தில் தொடங்கி இறங்கும் தடிப்பு என்றால் தட்டம்மை, பாராமிக்சோ. நிலையத் தலைவி ஷாஜிதா பேகம்கூடக் கை தட்டுகிறார். இதையே முதல் மாதம் நான் வகுப்பாக எடுத்தபோது மூன்று பேர் தூங்கினார்கள். அந்த மூவரில் ஷாஜிதாவும் ஒருவர்.

எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன், இப்போதைக்கு யாரும் படிக்கப் போவதில்லை. அவளிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

நாள் 112. காலை 10:20

தண்ணீர் ஆலைப் பொறியாளர் மருதவாணன் அவளிடம் வந்தார். எங்கள் இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய தடுப்பு, எனக்கு எல்லாம் கேட்கும். இடது விலாவில் எரிச்சல், சட்டை பட்டால்கூடத் தாங்க முடியவில்லை, வலது பக்கம் ஒன்றுமே இல்லை என்றார். அவள் தசைப்பிடிப்பு என்றாள். களிம்பும் ஏதோ மாத்திரையும் கொடுத்து மூன்று நாள் கழித்து வரச் சொன்னாள்.

தசைப்பிடிப்பாம். ஒரு பக்கம் மட்டும் பட்டை கட்டினாற்போல எரிந்தால் அது அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்புக்குள் படுத்துக் கிடந்து, உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து எழுந்துவருவது. ஹெர்ப்பிஸ் குடும்பம். முதல் தடவையாகத் தவறிவிட்டாள். மதியம் ஒரு கரண்டி சாதம் கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்.

நாள் 115. காலை 09:05

உடுப்பு மாற்றும் அறையில் மருதவாணனின் விலாவைப் பார்த்தேன். சிவந்த தோலில் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம். அக்கியேதான். அந்த நீரில் வைரஸ் இருக்கிறது. எதிர்ப்பு இல்லாதவருக்கு ஒட்டினால் சின்னம்மையாக வரும். அவர் நேராக ஜெசிந்தாவிடம்தான் போகிறார். நான் எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் வரட்டும். இது என்னவென்று தெரியவில்லை சார் என்று ஒரு தடவை என்னிடம் வந்து கேட்கட்டும். அப்போது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நாள் 115. காலை 11:40

வரவில்லை. அவளே அக்கி என்று சொல்லி, அவளே கட்டும் போட்டு அனுப்பிவிட்டாள். கையுறை போட்டிருந்தாள், முகக்கவசம் இல்லை. அரை மணி நேரம் அவர் பக்கத்தில் குனிந்திருக்கிறாள்.

நாள் 118. பகல் 12:00

குளிர்பெட்டியில் ஒரே ஒரு சின்னம்மைத் தடுப்பூசி இருக்கிறது. முன்பு போட்டது பிடிக்காதவர்களுக்கும் மறுபடி போட்டால் பிடிக்கலாம். வைரஸ் ஒட்டிய மூன்று நாளுக்குள், மிஞ்சிப்போனால் ஐந்து நாளுக்குள் போட்டால் பலன் உண்டு. போட்டால் காரணம் சொல்ல வேண்டும். முடிவு இருபத்துநான்கு நாளாக என் மேசையில் கிடந்தது என்று ஷாஜிதாவிடம் சொல்ல வேண்டும். அதுவும் அவளை வைத்துக்கொண்டு.

ஒட்டியிருக்காது. கையுறை போட்டிருந்தாள் அல்லவா.

நாள் 120. மாலை 18:00

ஐந்து நாள் முடிந்தது. ஊசி பெட்டியிலேயே இருக்கிறது.

நாள் 130. காலை 07:15

ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல் 39.4. நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளங்கள். சில இப்போதுதான் சிவக்கின்றன, சிலவற்றில் நீர் கோத்திருக்கிறது, சில காய்கின்றன. மூன்றும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் இருந்தால் சின்னம்மை. தனியறையில் வைத்து மருந்து ஆரம்பித்தேன். உள்தொடர்பில் அவள் பேசியதன் பதிவு:

"சின்னம்மைதான் சார். மருதவாணன் அண்ணன்கிட்ட இருந்துதான் வந்திருக்கும். அவங்ககிட்ட சொல்லிராதீங்க, மனசு கஷ்டப்படுவாங்க. என் ரத்த ரிசல்ட் எதுவும் வந்துச்சா சார்?"

வரவில்லை என்றேன்.

"பூமியில எல்லாமே லேட்டுதான. சரி சார், நீங்க பாத்துக்கிடுவீங்க. எனக்குப் பயமில்ல."

நாள் 132. பகல் 13:25

இருமல். மூச்சு நிமிடத்துக்கு முப்பத்தாறு. நுரையீரலில் இறங்கிவிட்டது. பெரியவர்களுக்குச் சின்னம்மை வந்தால் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

நான் அவள் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை என்று ஷாஜிதா எல்லோரிடமும் சொல்கிறார். மருதவாணன் காப்பி கொண்டுவந்து கதவருகே வைத்துவிட்டுப் போனார். அவள் எப்படி இருக்கிறாள் என்று பன்னிரண்டு பேரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். நான் சொல்வதைத் தலையாட்டிக் கேட்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது பயமாகவும் இருக்கிறது.

நாள் 134. பகல் 14:10

ஆக்சிஜன் 71. குழாய் போடுகிறேன்.

14:32

குழாய் போட்டாயிற்று. 66.

15:05

இல்லை.

நாள் 134. மாலை 17:50

இறப்புக் குறிப்பு எழுதுவதற்காக அவளுடைய நோயாளிப் பதிவுகளைத் திறந்தேன். மருதவாணனின் பக்கத்தில் அவள் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்.

"நாள் 112. அக்கி. ஹெர்ப்பிஸ் குடும்பம். மாத்திரை இன்றே ஆரம்பித்துவிட்டேன். ஏற்கெனவே தூக்கமில்லாமல் இருக்கிறார், பயமுறுத்த வேண்டாம் என்று தசைப்பிடிப்பு என்று சொல்லி வைத்தேன். நாள் 115. கொப்புளம் வந்துவிட்டது. எனக்குச் சின்னம்மை வந்ததில்லை. என் கோப்பு தில்லைநாயகம் சாரிடம் இருக்கிறது. பயப்பட ஏதாவது இருந்தால் முதல் ஆளாக ஓடிவந்து சொல்லியிருப்பார். அதனால் கட்டு நானே போடுகிறேன்."

மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவையில்தான் அழுகை வந்தது. முதல் தடவை வந்தது வேறு. அதையும் எழுதிவிடுகிறேன், கண்டெடுப்பவர் என்னை யாரென்று தெரிந்துகொள்ளட்டும்.

முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாளே என்று வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.