தண்ணித் தாங்கியில் தொங்கும் போன்

மார்ச் 4, செவ்வாய்

ஹல்துமுல்லை டவுனில் புதிதாக ஒரு விளம்பரப் பலகை. தேயிலைக்கு நடுவில் கூடையோடு ஒரு பெண், போனைக் காதில் வைத்துச் சிரிக்கிறாள். ‘நாடு முழுவதும் தெளிவான சிக்னல்.’ எங்கள் தோட்டத்தில் எடுத்த படமென்றால் அவள் தண்ணித் தாங்கி மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருப்பாள்.

நாங்கள் இருக்கும் லயத்து வீடுகளில் சிக்னல் ஒரு கோடுகூடக் கிடையாது. தாங்கிப் பக்கம் போனால் இரண்டு. அதனால் தாங்கியைச் சுற்றிய கம்பி வேலியில் எல்லோர் போன்களும் ஷொப்பிங் பையில் தொங்குகின்றன. மணி அடித்தால் பக்கத்தில் இருப்பவர் கத்த வேண்டும், போன்காரர் ஓட வேண்டும். நான் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா தாங்கிக்குக் கீழேதான்; மணிச் சத்தம் கேட்கும், சிக்னல் உள்ளே வராது. அந்த வேலையோடு இந்தக் காவலும் சேர்ந்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்

என் வீட்டுக்காரருடைய வலது கண்ணுக்கு ஒப்பரேஷன் தேதியைப் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொல்வார்களாம். எடுக்காவிட்டால் அந்த நாள் அடுத்த ஆளுக்கு.

இரண்டு கண்ணிலும் புரை. நேற்று தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டு, “கோப்பைய யாரு நகட்டுனது?” என்று என்னைக் கேட்கிறார். சிரித்தேன். பிறகு அடுப்படியில் போய் அழுதேன்.

மார்ச் 10, திங்கள்

லயத்தில் சிக்னல் இல்லையென்று போன் கம்பெனிக்கு முறைப்பாடு சொன்னேன். தாங்கியடியில் நின்றுதான். வேறெங்கே நிற்பது?

மார்ச் 13, வியாழன்

பக்கத்து வீட்டு ஜெசீகா, “அக்கா, ஒங்க போனு!” என்று கத்தினாள். பதுளைதான் என்று செருப்பில்லாமல் ஓடினேன். பேசியது போன் கம்பெனிப் பிள்ளை.

“நான் பேசுறது கேட்குதா அம்மா?”

“நல்லா கேக்குதும்மா.”

“தெளிவாவா?”

“தெளிவா கேக்குது.”

“சந்தோஷம். உங்க முறைப்பாடு தீர்ந்ததா பதிஞ்சிட்டேன்.”

வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். வீட்டில் இருந்தால் அவள் அழைப்பு வராது. வந்து எடுத்தால் சிக்னல் இருக்கிறது என்று அர்த்தம். இவர்களிடம் குறை சொல்ல எங்கே போய் நிற்பது?

மார்ச் 18, செவ்வாய்

மத்தியானம் பேய் மழை. போன் நனையக் கூடாதென்று எடுத்துவந்து காம்பராவில் பிள்ளைகளின் துணிக்குள் சுற்றி வைத்தேன்.

மார்ச் 19, புதன்

காலையில் வேலியில் மாட்டியதும் மெசேஜ். நேற்று மத்தியானம் மூன்று அழைப்பு, பதுளை நம்பர். திருப்பி எடுத்தேன். அந்த நாள் மொனராகலை ஆள் ஒருவருக்குப் போய்விட்டது.

என் புத்தி! போனு நனையாம காப்பாத்திட்டேனாம் — இவரு கண்ண யாரு காப்பாத்துறது?

“மழைக்கு நீ என்ன பண்ணுவ கொரட்டி” என்று பேர் சொல்லி ஆறுதல் சொன்னார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 21, வெள்ளி

லீவு போட்டுவிட்டுப் பதுளைக்கு பஸ் ஏறினேன். கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ் நல்ல மனுஷி. “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? ஒரு கோல் எடுத்திருக்கலாமே” என்றார். கிளினிக் புத்தகத்தில் புதுத் தேதியை எழுதிக் கொடுத்தார், ஏப்ரல் 3. பேனையால் எழுதிய தேதிக்கு சிக்னல் தேவையில்லை.

வரும்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பெனிக்கு இரண்டாவது முறைப்பாடு.

ஏப்ரல் 4, வெள்ளி

பதுளை, வார்ட்டில் இருந்து எழுதுகிறேன். நேற்று வலது கண் முடிந்தது. இன்று காலையில் கட்டை அவிழ்த்தார்கள். இவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். “ஒனக்கு இவ்வளவு நரையா?” என்றார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பேச்சையும் கேட்டதில்லை.

இடது கண்ணுக்குத் தேதியை “போன்ல சொல்றோம்” என்றார் மிஸ்.

மிஸ் நகர்ந்ததும் போன் அடித்தது. இங்கே நான்கு கோடும் நிற்கிறது. அதே கம்பெனிப் பிள்ளை.

“நான் பேசுறது கேட்குதா அம்மா?”

பக்கத்துக் கட்டிலில் இருந்து பேசுவதுபோல் கேட்டது.

“கேக்கல.”

“நான் பேசுறது... கேட்கலையா?”

“ஒரு வார்த்தகூட கேக்கல.”

அவள் சிரிப்பை அடக்குவதுகூடக் கேட்டது. பிறகு, “சரி அம்மா, ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்றேன். எந்த இடம்?” என்றாள்.

தோட்டத்துப் பெயர், லயத்து நம்பர், தாங்கி எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

இவர் அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். “தவக்காலத்துல பொய் சொல்ற.”

“ஆளு வந்து பாத்துட்டுப் போகட்டுங்க” என்றேன். “அப்புறமா பாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன்.”